பந்து குளித்த தண்ணீர்

எலெக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலம் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் கிராண்ட் குவார்ட்ஸ் என்க்ளேவ் வரும். ஐந்து டவர், நானூற்றுப் பன்னிரண்டு வீடு, இரண்டு நீச்சல் குளம், ஒரு சங்கம். என் பெயர் உத்தமன். அங்கே வாட்டர் பிளான்ட் ஆபரேட்டர். போர்வெல்லிலும் டேங்கரிலும் வருகிற உப்புத் தண்ணீரைச் சாஃப்ட்னர் என்ற இரும்புத் தொட்டி வழியாக விட்டு, சோப்பு நுரைக்கிற தண்ணீராக மேலே ஏற்றுவது என் வேலை. தொட்டிக்குள் கடுகு போல மஞ்சள் மணிகள் இருக்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை அவை பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கப் பிடித்தால் களைத்துப்போகும். கல் உப்பைக் கரைத்து ஊற்றினால் பிடித்ததை விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு வந்துவிடும். ஆக, உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்க உப்பு வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத்தான் நவம்பர் முழுவதும் சங்கத்துக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் கடிதம் நவம்பர் மூன்றாம் தேதி. "ஐயா, உப்பு தீரப்போகிறது. நாற்பது மூட்டை தேவை." ஒன்பதாம் நாள் செயலாளர் சிந்தியா மேடத்திடமிருந்து பதில் வந்தது. "தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருப்பதாகத் தாங்களே எழுதியுள்ளீர்கள். இருக்கும் உப்பைப் பயன்படுத்திக்கொள்ள இயலாதா?"

ஒரு பக்கம் விளக்கம் எழுதினேன். அடுத்த கேள்வி வந்தது. "உப்பு வாங்குவதில் தங்களது மூன்றாண்டுத் தொலைநோக்கு என்ன?" மூன்றாண்டும் எல்லோரும் குளிப்பது என்று எழுதினேன். அதற்கும் பதில் வந்தது. "சென்ற ஆண்டு வாங்கிய உப்பைச் சரிபார்ப்புக் குழுவிடம் நேரில் காண்பிக்கவும்."

சென்ற ஆண்டு உப்பு சென்ற ஆண்டே கரைந்து சாக்கடைக்குப் போய்விட்டது. இருந்தாலும் கேட்டதைக் காட்டாமல் இருப்பது மரியாதை அல்ல என்பதால், தொட்டி கழுவிய தண்ணீரை ஒரு கேனில் பிடித்து எடுத்துப்போனேன். மூன்று பேர் கொண்ட குழு கேனைச் சுற்றி வந்து பார்த்தது. ஒருவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்கள். "சரிபார்க்கப்பட்டது. நிலை: திரவம்."

அதோடு உப்பு தீர்ந்தது. வீடுகளில் சோப்பு நுரைப்பது நின்றது. குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது.

இதில் எனக்கு என்ன கஷ்டம் என்றால், என் ஒப்பந்தம் இந்த ஆண்டு முடியும் வரைதான். ஆண்டுக் கடைசியில் வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதிப்பார்கள். சுண்ணாம்பு அளவு நூற்றைம்பதுக்குள் இருந்தால் நீட்டிப்பு. இல்லையென்றால் நான் ஈஜிபுரா வீட்டைக் காலி செய்து, நாட்றம்பள்ளியில் மச்சானின் டயர் ரீட்ரெடிங் கடைக்குப் போக வேண்டும். மச்சான் நல்லவர்தான். ஆனால் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக என்னை "பெங்களூர் இன்ஜினியர்" என்று கூப்பிடுகிறவர். அவர் கடையில் காற்று பிடிக்க நிற்பதை நினைத்தாலே எனக்குக் காற்று இறங்கிவிடும்.

"எங்கண்ணன் போன் பண்ணிச்சி," என்றாள் என் மனைவி பிரபா. "உனக்குன்னு ஸ்டூல் வாங்கி வெச்சிருக்காம்."

"வருஷம் பொறந்ததும் பாக்கலாம்னு சொல்லு."

"சொல்லிட்டேன். வருஷம் பொறந்ததும் வருவாருன்னு சொல்லிட்டேன்."

"நான் சொன்னது வேற, நீ சொன்னது வேற."

"அங்க ரெண்டும் ஒண்ணுதான்."

டிசம்பர் ஏழாம் தேதி பொதுக்குழு. உப்பு விவகாரம் "இதர விஷயங்கள்" பகுதியில் வரும், வந்து உட்காருங்கள் என்றார்கள். போனேன். தலைவர் ரகுராம் சார் திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தார். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஏதோ பெரிய கம்பெனியில் பிறர் பேச வேண்டியதை எழுதிக் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதனால் இப்போது எல்லாவற்றையும் தானே பேசிவிடுவார். முதல் படத்தில் ஒரு பனித்துகள். அடுத்து யாரோ ஒரு ராணியின் கிரீடம். அடுத்து மெக்சிகோவில் ஒரு குகை. அதற்குள் லைட் கம்பத்தைவிட நீளமான படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன, நடுவில் மனிதர்கள் எறும்பு மாதிரி. எனக்கே வாய் பிளந்தது.

"ஃப்ரெண்ட்ஸ்," என்றார் ரகுராம் சார், "இந்த கிரிஸ்டலைச் செய்ய நேச்சருக்கு லட்சக்கணக்கான வருஷம் ஆச்சு. ஏன்? நேச்சர்கிட்ட ஒரு எக்ஸிக்யூட்டிவ் கமிட்டி இல்ல. நாம ரெண்டே மீட்டிங்ல முடிச்சிருக்கோம். வெளிநாட்டுல நியூ இயருக்கு கிரிஸ்டல் பந்து இறக்கறாங்க இல்லையா? இந்த வருஷம் நம்ம காம்பௌண்ட்லயும் இறங்கறது. ஐரோப்பியன் லக்சுரி பிராண்ட். தொண்ணூறு கிலோ. ஆயிரத்து எண்ணூறு பட்டை. வருஷக் கடைசி வரை நம்மகிட்ட இருக்கும். இதை லோன்னு சொல்லக் கூடாது. பார்ட்னர்ஷிப்."

கைதட்டல். பி டவர் சீதாலட்சுமி மேடம் மட்டும் கை தூக்கினார். கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவர்.

"சார், அது கிரிஸ்டல் இல்ல. கண்ணாடி."

"பேர்லயே கிரிஸ்டல் இருக்கே மேடம்."

"பேர் இருக்கட்டும். படிகம்னா உள்ள அணு எல்லாம் வரிசையா நிக்கணும். கண்ணாடிக்குள்ள அது நம்ம லிஃப்ட் வாசல் மாதிரி தாறுமாறா நிக்கும். உங்க ஷவர்ல வெள்ளையா பூத்திருக்கே, அது அசல் படிகம். உத்தமன் ஒரு மாசமா கேக்கறாரே உப்பு, அதுவும் அசல் படிகம். நீங்க கொண்டுவர்றது டம்ளர் ஜாதி."

ரகுராம் சார் சிரித்தார். "மேடம், சயின்ஸை நான் ரொம்ப ரெஸ்பெக்ட் பண்றேன். அதனாலதான் வோட்டுக்கு விடறேன்."

கண்ணாடி படிகமே என்பதற்கு ஆதரவாக இருநூற்றுப் பதினொன்று, எதிர்ப்பு ஒன்பது. சிந்தியா மேடம் தீர்மானத்தை வாசித்தார். "வளாக எல்லைக்குள் கண்ணாடி படிகமாகக் கருதப்படும். எல்லைக்கு வெளியே அறிவியல் வழக்கம்போல் பொருந்தும்."

அடுத்து நேரம் குறித்த பிரச்சினை. வளாக விதிப்படி வெளியரங்க நிகழ்ச்சிகள் மாலை ஏழரைக்கு முடிய வேண்டும். ஆகவே நள்ளிரவு, மாலை ஆறரைக்கு நடத்தப்படும் என்று அறிவித்தார்கள்.

"அப்போ பன்னெண்டு மணிக்குத்தானே சார் வருஷம் பொறக்கும்?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"யாரோட பன்னெண்டு?" என்றார் ரகுராம் சார். "அமெரிக்கால ஒரு பன்னெண்டு, ஜப்பான்ல ஒரு பன்னெண்டு. டைம் என்பது ஒரு கம்யூனிட்டி டிசிஷன். பந்து எப்போ மேடையைத் தொடறதோ, அப்போதான் நம்ம காம்பௌண்டுக்கு நியூ இயர். அதுக்கு முன்னாடி ஒரு செகண்ட்கூட கிடையாது." அதுவும் தீர்மானமானது.

இதர விஷயங்களுக்கு நேரம் இல்லை. வெளியே வரும்போது சிந்தியா மேடத்திடம் உப்பு என்று ஆரம்பித்தேன்.

"உத்தமன், விழா முடியற வரைக்கும் பர்ச்சேஸ் எல்லாம் ஃப்ரீஸ்," என்றார். "சொல்ப அட்ஜஸ்ட் மாடி." கொஞ்சம் பொறுத்துக்கொள் என்பதற்குக் கன்னடம்.

பன்னிரண்டாம் தேதி பந்து வந்தது. கூடவே கம்பெனி சார்பில் மௌரீன் என்ற பெண்மணி, வெள்ளைக் கையுறையோடு. கிளப் ஹவுஸ் எதிரே அறுபதடிக் கம்பம் நட்டு, கப்பியில் கயிறு போட்டு ஏற்றினார்கள். பந்து வெயிலில் திரும்பியது. டவர் முழுக்க வானவில் துண்டுகள் ஓடின. ஒரு துண்டு என் சட்டைமேல் வந்து நின்றது. பொய் சொல்லக் கூடாது, அழகுதான்.

விழாக் குழுவில் யாரோ ஆர்வக் கோளாறில், ஏற்றிய பந்து தூசியாக இருக்கிறது என்று தோட்டத்துக் குழாயைப் பிடித்து அடித்துவிட்டார். அரை மணி நேரத்தில் தண்ணீர் காய்ந்தது. பந்து முழுக்க வெள்ளைப் புள்ளி. அம்மை போட்டதுபோல் இருந்தது.

மௌரீன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "ஜீசஸ்! என்ன தண்ணி மேன் இது? சிமென்டா?"

"வீடுகளுக்குப் போற தண்ணிதாங்க," என்றேன்.

"பீப்புளுக்கு எது வேணா குடுங்க. என் பந்துக்கு ஐம்பதுக்குக் கீழ இருக்கணும். இல்லேன்னா இப்பவே கழட்டிட்டுப் போயிடுவேன்."

அவசரச் செயற்குழு கூடியது. மூன்று மூட்டை உப்பு பதினோரு நிமிடத்தில் அனுமதிக்கப்பட்டது. என் நாற்பது மூட்டை முப்பத்தொன்பது நாளாக நின்றுகொண்டிருந்தது. உத்தரவில் தெளிவாக எழுதியிருந்தார்கள்: "இவ்வுப்பு பந்தின் நீராடலுக்கு மட்டும். குடியிருப்போர் பயன்பாட்டுக்கு அல்ல."

ஆக, பழைய சின்னத் தொட்டி ஒன்றைத் தேடி எடுத்துக் கழுவி, பந்துக்கென்று தனியாகத் தண்ணீர் செய்தேன். காலை ஆறுக்கும் மாலை ஐந்துக்கும் கம்ப உச்சியிலிருந்து பந்துக்குக் குளியல். மௌரீன் கீழே நின்று பார்ப்பார். நான் வால்வைத் திறப்பேன். சோதனைக் குப்பியில் சொட்டு விட்டால் மூன்றாவது சொட்டிலேயே சிவப்பு நீலமாகிவிடும். அளவு முப்பது. குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு மென்மையான தண்ணீர்.

"எங்க ஊரு அம்மனுக்கே செவ்வா, வெள்ளிதான் அபிஷேகம்," என்றாள் பிரபா. "உன் பந்துக்கு ரெண்டு வேளையா?"

நான்காம் நாள் காலை சீதாலட்சுமி மேடம் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். பந்திலிருந்து வழிகிற தண்ணீரைப் பிடித்தார். நைட்டி பாக்கெட்டிலிருந்து ஒரு சோப்பை எடுத்துக் கையில் தேய்த்தார். நுரைத்தது. நுரை மணிக்கட்டு வரை ஏறியது. அவர் அதைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

"உத்தமன்," என்றார், "இருபது நாளாச்சு, நான் நுரையப் பார்த்து."

அவ்வளவுதான். ஐந்து டவரிலும் வாட்ஸ்அப் பற்றிக்கொண்டது. மாலைக் குளியலுக்கு நாற்பது வாளி. மறுநாள் இருநூறு. டீம் லீடர்கள் லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கையில் குடத்தோடு நின்றார்கள். இரண்டு வருஷமாக முடி கொட்டிக்கொண்டிருந்த டி டவர் இளைஞர் ஒருவர் யாரையும் கேட்காமல் நேராகப் பந்துக்குக் கீழே தலையை நீட்டி, ஷாம்பு போட்டார். கூட்டம் முதலில் திட்டியது. பிறகு பின்னால் வரிசை கட்டியது.

"குரு, ஒந்து நிமிஷ, கண்டிஷனர் மட்டும்!" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

சங்கம் சும்மா இருக்குமா? "பந்து நீர் நெறிமுறை" வெளியானது. ஏ டவருக்கு ஆறு மணி பத்து நிமிடம், பி டவருக்கு ஆறே கால் என்று முறை வைத்தார்கள். தலை உயர்த்தி வாய் திறப்பது கூடாது. பந்தைப் பார்த்துக் கும்பிடுவது தனிப்பட்ட விருப்பம், ஆனால் வரிசையைத் தாமதிக்கக் கூடாது. பதினெட்டாம் தேதி வாக்கில் கும்பிடாமல் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். யாரோ பந்துக்கு ஒரு முழம் கனகாம்பரம்கூடச் சாத்தினார்கள். மௌரீன் அதை இடுக்கியால் எடுத்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் வேலைக்கு இது உதவும் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தெட்டாம் தேதி சோதனை நடந்தது. பந்துத் தண்ணீரை அல்ல, வீட்டுக் குழாயைச் சோதித்தார்கள். எழுநூற்று நாற்பது.

சிந்தியா மேடம் கூப்பிட்டார். "உத்தமன், நீட்டிப்பு இல்ல. வருஷத்தோட முடிச்சிக்கலாம்."

"உப்பு குடுக்கலீங்களே மேடம்."

"பந்துல எவ்ளோ வருது?"

"முப்பது."

"அப்போ உங்களுக்கு வேலை தெரியுது. வீட்டுக்கு மட்டும் ஏன் செய்யல?"

"உப்பு பந்துக்கு மட்டும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"எழுதினது நாங்க," என்றார் சிந்தியா மேடம் பொறுமையாக. "செய்யாம விட்டது நீங்க. இதுல எங்க குழப்பம்?"

யோசித்துப் பார்த்தேன். குழப்பம் எங்கேயும் இல்லை. பிரபா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் கட்டத் தொடங்கினாள். மச்சான் ஸ்டூலின் படத்தை அனுப்பினார்.

முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு வளாகம் முழுவதும் மைதானத்தில். கயிற்றை இறக்கும் பொறுப்பை, பந்துக்குப் பழக்கப்பட்டவன் என்று என்னிடமே கொடுத்தார்கள். தலையில் கூம்புத் தொப்பி வேறு. எல்லார் கையிலும் பலூன். பழக்க தோஷத்தில் மறு கையில் வாளி.

ரகுராம் சார் மைக் பிடித்தார். "ஃப்ரெண்ட்ஸ், இந்த வருஷம் நாம என்ன சாதிச்சோம்னு கேக்கறாங்க. தண்ணி சரியில்லையாம், லிஃப்ட் நிக்கறதாம். பிரச்சினை எல்லா அபார்ட்மென்ட்லயும் இருக்கு. பந்து எங்க இருக்கு? ஒரு கமிட்டியோட பெருமை அது தீர்த்த பிரச்சினையில இல்ல. பிரச்சினை கண்ணுல படாத மாதிரி மேல எதைத் தொங்கவிட்டோம்ங்கறதுல இருக்கு! கவுன்ட்டவுன்!"

அறுபது, ஐம்பத்தொன்பது என்று எண்ணினார்கள். நான் கயிற்றை விட்டேன். பந்து இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் என் வேலையும் ஓரடி இறங்கியது. என் கையாலேயே இறக்குகிறேனே என்று ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கயிறு வெட்டாமல் சீராகத்தான் இறக்கினேன். முப்பது. இருபது. மேடைக்கு நான்கடி இருக்கும்போது சீதாலட்சுமி மேடத்தின் குரல், வகுப்பறைக் குரல், மைக் இல்லாமலே கேட்டது.

"சார், நாளைக்குப் பந்து எங்க போகும்?"

"ஷோரூமுக்கு மேடம். பார்ட்னர்ஷிப் வருஷத்தோட முடியறது. பதினொன்று! பத்து!"

"அப்போ பந்துத் தண்ணி?"

"பந்தே இல்லேன்னா பந்துக்கு எதுக்குத் தண்ணி? ஒன்பது!"

எட்டு என்று யாரும் சொல்லவில்லை. நானூறு வீடும் ஒரே நேரத்தில் தன் வாளியைப் பார்த்தது. பிறகு வெடித்தது.

"இறக்காதீங்க!"

"இளிஸ்பேடி!"

"மத் உதாரோ!"

"உத்தமன், கயித்தப் புடி!"

பிடித்தேன். டி டவர் இளைஞர் புது முடி பறக்க ஓடிவந்து கயிற்றைக் கம்பத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். பந்து நான்கடி உயரத்தில், வருஷத்துக்குள்ளேயே நின்றது. தீர்மானப்படி அது மேடையைத் தொடவில்லை. தீர்மானப்படி புத்தாண்டு பிறக்கவில்லை. சிந்தியா மேடம் விதிப் புத்தகத்தை இருமுறை புரட்டிவிட்டு, "டெக்னிகலி சரிதான் சார்," என்றார். அங்கேயே அவசரப் பொதுக்குழு. புத்தாண்டை மறு அறிவிப்பு வரை ஒத்திவைக்க ஆதரவு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. எதிர்ப்பு ஒன்று, ரகுராம் சார். எண்ணிக்கையைக் கேட்டதும் அவர் தன் வாக்கை மாற்றிக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"ஃப்ரெண்ட்ஸ்! மத்த தலைவர்கள் புது வருஷம் கொண்டுவருவாங்க. பழைய வருஷத்தை விடாம பிடிச்சு வெச்சது நான் மட்டும்தான்!"

மறுநாள் அறிவிப்புப் பலகையில் டிசம்பர் 32 என்று எழுதினார்கள். கேட்டுக்கு வெளியே எல்லோரும் ஜனவரிக்கு வேலைக்குப் போய்விட்டு மாலையில் டிசம்பருக்குத் திரும்பினார்கள். வருஷத்தோடு வீட்டைக் காலி செய்ய வேண்டிய வாடகைக்காரர்கள் ஆறு பேர் எனக்கு மைசூர்பாகு கொடுத்தார்கள். டிசம்பர் 33 அன்று மௌரீன் பந்தைக் கழற்ற வண்டியோடு வந்தார். சிந்தியா மேடம் காகிதத்தைக் காட்டினார். "வருஷக் கடைசி வரைன்னு போட்டிருக்கு மேடம். கடைசி இன்னும் வரல." மௌரீன் பலகையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கையுறையைக் கழற்றினார்.

என்னிடம் வந்து ரகசியமாக, "எங்க ஏரியாலயும் இதே தண்ணிதான் மேன்," என்றார். "ஒரு கேன் கெடைக்குமா?"

டிசம்பர் 35 செயற்குழுவில் பெரிய முடிவு. வரிசை நீளமாகிவிட்டதால், வளாகத்துக்கு வரும் தண்ணீர் முழுவதும் முதலில் பந்தின்மேல் பாய்ந்து, பிறகு வீடுகளுக்குப் போக வேண்டும். பந்தின்மேல் பாயும் தண்ணீர் என்பதால் விதிப்படி அது ஐம்பதுக்குக் கீழ் இருக்க வேண்டும். அதற்கு உப்பு வேண்டும். நாற்பது மூட்டை லாரியில் வந்து இறங்கியது. பெரிய தொட்டியை ஓட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் சோப்பு நுரைத்தது. மைதானத்தில் ரகுராம் சார் பார்வையாளர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "கிரிஸ்டலைத் தொட்ட தண்ணி சாஃப்ட் ஆயிடறது. இது நம்ம பொதுக்குழுவே நிரூபிச்ச சயின்ஸ்."

அது தவறு என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, சீதாலட்சுமி மேடத்திடம் காட்டினேன்.

"உப்பு வருதா?" என்றார்.

"வருதுங்க மேடம்."

"அப்போ இதை மடிச்சு உள்ள வைங்க."

வைத்துவிட்டேன். பிரபா அட்டைப்பெட்டியைப் பிரித்து, முதலில் காபி டபராவை வெளியே எடுத்தாள். பிளான்ட் லாக் புத்தகத்தில் டிசம்பர் 40, அளவு நாற்பத்திரண்டு என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது மச்சான் கூப்பிட்டார்.

"என்னாப்பா பெங்களூர் இன்ஜினியர், ஸ்டூலு தூசி புடிக்குது. வருஷம் பொறந்ததும் வரேன்னியே?"

"ஆமா மச்சான்," என்றேன். "இங்க இன்னும் பொறக்கலீங்க."